வழியோரத் தர்மம்



விடுமுறையில் நம்மில் பலர் ஒகேனக்கலுக்கு உல்லாசப் பிரயாணம் போவதுண்டு. பென்னாகரம் தாண்டிக் காட்டுவழியில் இறங்கும்போது குரங்குகள் பாதையோரம் காத்திருக்கும். வண்டியை நிறுத்தி வாழைப்பழமோ முறுக்கோ எறிகிறோம். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். பசித்த ஜீவனுக்கு இட்டோம் என்ற திருப்தி நமக்கு. இது தர்மமா?

ஈகையை அளக்க வேண்டியது பெறுபவருக்கு உண்டாகும் பலனைக் கொண்டு. காட்டுக் குரங்கு பிச்சைக்காரன் அல்ல. அத்திப்பழம், தளிர், பூச்சி முதலியவற்றைத் தேடி அலைவதே அதன் உழைப்பு. பாதையோரத்தில் தின்பண்டம் கிடைத்தால் கூட்டம் அங்கேயே தங்கிவிடும். குட்டிகளும் அதையே பழகும். பிறகு கையிலிருப்பதைப் பிடுங்கும், கடிக்கும். சக்கரத்தில் அடிபட்டுச் சாகும். பழக்கிக் கெடுத்தவர்கள் நாம். பொல்லாத குரங்கு என்று பெயர் வைப்பவர்களும் நாமே.

ஒன்றும் கொடாவிட்டாலும் நம் சந்தடியே போதும். 2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தது. மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சி அவை பகலை விட்டு இரவில் அதிகம் உலவுகின்றனவாம். வேட்டைக்காரன் வந்தாலும், மலையில் உலாவ வருபவன் வந்தாலும், மிருகத்துக்கு அச்சம் ஒன்றே.

ஆகையால் மலைக்கே போகலாகாதா? போகலாம், விருந்தாளியாய். நல்ல விருந்தாளி கூச்சலிடுவதில்லை. வீட்டுப் பிள்ளைகளைத் தீனி காட்டிக் கெடுப்பதுமில்லை. பெற்றோரே, அடுத்த முறை குழந்தை பழத்தோடு கை நீட்டினால், "அதற்குக் காட்டில் சாப்பாடு இருக்கிறது" என்று சொல்லிக்கொடுங்கள். சில வேளை கொடாதிருப்பதே அன்பு.