முங்கோ ஏரியின் ஈமங்களும் அறிவு பட்ட கடனும்

மண்ணில் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் கிடந்தபின் ஓர் உடல் ‘இறந்தவர்’ என்னும் நிலையை இழந்து ‘சான்று’ என்னும் நிலையை அடைகிறது என்பது, அறிவியலால் மட்டும் விடைகாண இயலாத கேள்வி. மானுடத் தோற்றத்தையும் தொல்பழங்கால இடப்பெயர்வையும் பற்றிய அறிவில் கணிசமான பகுதி புதைகுழிகளிலிருந்தே பெறப்பட்டது. ஆயினும் அவ்வறிவைப் பெற்றவர்கள் அங்கே புதைத்தவர்களுக்கு ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறார்களா என்பது நெடுங்காலம் கேட்கப்படவே இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துத் தென்மேற்கில் உள்ள முங்கோ ஏரி, அக்கேள்வி தவிர்க்க முடியாததாகிவிட்ட இடங்களுள் ஒன்று.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்ட இந்த ஏரியின் கிழக்குக் கரையில், காற்று குவித்த பிறை வடிவ மணல்மேடு ஒன்று உள்ளது. அம்மேடு அரிக்கப்பட்டு வெளிப்பட்ட எரிந்த எலும்புகளை 1968இல் ஜிம் பௌலர் என்னும் நிலவியலாளர் கண்டார். அவை ஓர் இளம்பெண்ணுடையவை என்பதும், உடல் எரியூட்டப்பட்ட பின் எஞ்சிய எலும்புகள் நொறுக்கப்பட்டு, மீண்டும் எரிக்கப்பட்டு, சிறு குழியில் இடப்பட்டன என்பதும் ஆய்வில் தெரியவந்தன. 1974இல் அதே மேட்டில் பௌலர் ஓர் ஆணின் அடக்கத்தையும் கண்டார். மல்லாத்திக் கிடத்தி, கைகளை இடுப்பருகே கோத்துவைத்து, உடல்மீது செங்காவியை, அதாவது இரும்பு ஆக்சைடு செறிந்த சிவப்பு மண்ணின் பொடியை, தூவியிருந்தார்கள். அக்காவி அவ்விடத்தில் கிடைப்பதன்று. வெகுதொலைவிலிருந்து சுமந்து வரப்பட்டது. 2003இல் வெளியான காலக்கணிப்பின்படி இரு ஈமங்களும் ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையானவை.

ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் வரலாற்றில் இவ்விருவருக்கும் தனி இடம் உண்டு. பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்து, ஆஸ்திரேலியாவும் நியூ கினியும் தாஸ்மேனியாவும் ‘சாகுல்’ என்னும் ஒரே நிலமாக இணைந்திருந்த காலத்திலும், ஆசியாவுக்கும் அந்நிலத்துக்கும் இடையே ஆழ்கடல் இருந்தமையால், இவர்களுடைய முன்னோர் கடல் கடந்தே வந்திருக்க வேண்டும். கடல் கடந்தமை அவர்களுடைய திறமையைக் காட்டுகிறது. ஆனால் பசி, நெருக்கடி, புதுநில வேட்கை முதலிய காரணங்களால் அப்பயணத்தை விளக்கிவிடலாம். காவியை அவ்வாறு விளக்க இயலாது. இறந்த ஒருவனுக்காக அதைச் சுமந்து வந்தவர்களுக்கு அதனால் உணவு பெருகியிராது, பாதுகாப்பும் கூடியிராது. இறந்தவனுக்கு இன்னும் ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது என்னும் உணர்வே அச்சுமையைச் சுமக்க வைத்தது. சமயம் என்பதன் மிகப் பழைய தடயங்களுள் ஒன்றாக இதைக் கொள்வது மிகையாகாது.

இங்கேதான் ஆய்வாளரின் கடன் தொடங்குகிறது. முங்கோ மக்கள் உடலால் மட்டுமன்றி உள்ளத்தாலும் நம்மவரே என்று உலகம் அறிந்துகொண்டது, அவர்கள் தம் இறந்தோரை எப்படி அனுப்பிவைத்தார்கள் என்பதைக் கொண்டே. அந்தச் சடங்கைச் சான்றாக ஏற்றுக்கொண்டு, அச்சடங்கு முன்வைக்கும் கோரிக்கையை, அதாவது இவ்வுடல் இம்மண்ணில் இருக்கட்டும் என்பதை, மறுப்பது தன்முரணான நிலைப்பாடு. எனினும் இருவரும் பல பத்தாண்டுகள் கான்பராவில் ஆய்வுப்பொருள்களாகவே வைக்கப்பட்டிருந்தனர். ஆணின் எலும்பில் தொன்மையான மரபணு கிடைத்ததாக 2001இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் வெளியான மறுஆய்வோ, அம்மாதிரிகளில் இருந்தது பிற்கால ஐரோப்பியரின் மரபணுக் கலப்பு என்று காட்டியது.

அந்நிலத்தின் முத்தி முத்தி, நியம்பா, பாகன்ட்ஜி மக்களிடையே, ஆதி மூதாதையர் ஆக்கிய இந்நிலத்தில் தாங்கள் என்றென்றும் இருந்துவருகிறோம் என்னும் நம்பிக்கை உண்டு. இடப்பெயர்வை நிறுவும் அறிவியல் இதைப் பொய்யாக்குகிறது எனச் சொல்லப்படுவதுண்டு. அவ்வாதம் இரு வேறு கேள்விகளைக் குழப்புகிறது. உடலின் வழித்தடம் எது என்பது ஒன்று. எந்த மண்ணுக்கு ஒருவர் பொறுப்பேற்கிறார் என்பது மற்றொன்று. தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால், 40,000 ஆண்டு என்பது 1,600 தலைமுறை. அத்தனை தலைமுறையினரும் அடங்கிய மண்ணை நோக்கி, அவர்களின் வழிவந்தோர் வேறிடத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு வரலாற்றில் பொருள் உண்டு, உரிமையில் பொருள் இல்லை. மூத்தோர் சிலர் கண்டுபிடிப்பையே வேறுவிதமாக விளங்கிக்கொண்டனர்: தம் மக்கள் எவ்வளவு காலமாக அங்கே வாழ்கிறார்கள் என்பதை வெள்ளையருக்கு உணர்த்தவே அவ்விருவரும் தாமாக வெளிப்பட்டனர் என்றனர். ஆய்வுப்பொருளாகக் கருதப்பட்டவர்களைச் செயலாற்றுபவர்களாகக் காணும் இப்பார்வைக்கு ஆய்வாளர்களிடம் ஈடான சொல் இல்லை.

பெண் 1992இலும் ஆண் 2017இலும் தாயகம் திரும்பினர். ஆனால் கடன் எவ்வாறு தீரும் என்பதில் வழிவந்தோரிடையே ஒருமித்த கருத்தில்லை. மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்றனர் ஒரு சாரார். பிற்காலத் தலைமுறைகள் வந்து காணத்தக்க காப்பிடம் ஒன்றில் வைக்க வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். 2022 ஏப்ரலில் கூட்டாட்சி அமைச்சர் மறு அடக்கத்துக்கு ஒப்புதல் அளிக்க, மே மாதம் இருவரும் பொது அறிவிப்பின்றி அடக்கம் செய்யப்பட்டனர். தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று அம்மக்களுள் சிலர் கண்டித்தனர். அறிவியலுக்கு நேரும் இழப்பை முன்வைத்து எழுந்த எதிர்ப்பைவிட இக்கண்டனம் கனமானது. ஈமத்தின் முறையை வகுக்கும் உரிமை வழிவந்தோருக்கே உரியது என்று அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, அவர்களுள் எவர் குரல் முறையானது என்பதை ஓர் அமைச்சரின் கையொப்பம் தீர்த்துவைக்க இயலாது.