சூரைச்செடியின் கீழே ஓர் அடை

பயப்படுவது விசுவாசக் குறைவு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம்கூட, "கர்த்தரை நம்புகிற நீங்கள் ஏன் கலங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வருவது நம் சபைகளில் வழக்கம். அன்பினால்தான் கேட்கிறார்கள். கேட்டவர் போன பிறகு நோயோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. வேதம் பயந்தவர்களிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை.

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாய் நின்றவர், அடுத்த அதிகாரத்திலேயே யேசபேலின் ஒரு மிரட்டலுக்கு உயிர் தப்பி ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்று கேட்கிறார். வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கர்மேலில் இறங்கிய அக்கினியை நினைவுபடுத்தவும் இல்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரம் எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான். ஓரேப் மலையில் ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த அதிகாரம் எனக்கு விளங்கியது 2021 பிப்ரவரியில், டெக்சாஸ் பனிப்புயலின்போது. 15-ஆம் தேதி அதிகாலையில் கரண்ட் போனது. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் குளிரில் உறைந்து நிற்க, 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. டெக்சாஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்து இயங்குவதால், வெளியிலிருந்து போதிய மின்சாரம் வாங்கவும் வழியில்லை. மறுநாள் டாலஸில் மைனஸ் 19 டிகிரி. பிளேனோவில் எங்கள் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாய்த் தெரிந்தது. கொரோனாவால் பாளையங்கோட்டைக்குத் திரும்ப முடியாமல் எங்களோடு இருந்த என் மாமியாருக்கு ஆஸ்துமா. நெபுலைசர் போட வழியில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தேன். மனப்பாடமாய்த் தெரிந்த 23-ஆம் சங்கீதமே பாதியில் நின்றுவிட்டது. அத்தை போர்வைக்குள்ளிருந்து மூச்சிரைக்கச் சொன்னார்கள்: "ஜெபம் வரலன்னா விடும்மா. பயமா இருக்கு ஆண்டவரேன்னு சொல்லு, அது போதும். போய்ப் பிள்ளைக்குக் கஞ்சி வை." கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துக் கஞ்சி வைத்தேன்.

மத்தியானம் சபையிலிருந்து ஒரு தம்பி வந்தான். தீயணைப்பு நிலையம் இருக்கிற லைனிலேயே அவன் வீடும் இருந்ததால் அங்கே கரண்ட் போகவில்லை. வசனம் எதுவும் சொல்லாமல் நெபுலைசரைத் தூக்கிக்கொண்டான். எங்களைக் காரில் ஏற்றி, ஐஸ் படிந்த சாலையில் ஊர்ந்தே கூட்டிப்போனான். மிஷின் ஓடத் தொடங்கியது. அத்தையின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. என் நடுக்கமும் அங்கேதான் நின்றது.

விசுவாசத்தால் தப்பினோம் என்று இதைச் சாட்சியாய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் புயலில் மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அவர்களிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் விசுவாசம் எங்களுடையதைவிடக் குறைந்தது என்று யார் சொல்ல முடியும்? பவுலும் தன் முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டினார். முள் எடுபடவில்லை, பலவீனத்தைத் தாங்கும் கிருபைதான் கிடைத்தது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றே வேதம் வைத்திருக்கிறது. கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டு, விழித்திருங்கள் என்று மூன்று சீஷர்களைத் துணைக்குக் கேட்டார். ஆண்டவரே துணை தேடிய இராத்திரி ஒன்று இருக்கும்போது, நடுங்குகிறவர்களை நாம் எப்படிக் குறை சொல்வது?

பயத்தோடேயே அவரிடம் போகலாம் என்று அறிந்த பிறகு, தைரியசாலியாய் நடிக்கும் பாரம் இறங்கிவிடுகிறது. நான் சமாதானம் என்று சொல்வது அந்த இளைப்பாறுதலைத்தான். கலங்கியிருப்பவர் வீட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோங்கள். அவர் கொஞ்சம் கண்ணயரும்படி ஒரு இராத்திரி கூட இருங்கள். வசனத்தை அவர் கேட்கும்போது சொல்லலாம்.