தடையில்லை என்று யார் சொல்வது?

எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 2022ஆம் வருஷம் ஆவணி மாதம், நோட்டரி வக்கீல் ஒருத்தர் முன்னால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ரேகை வைத்தது. வைப்பதற்கு முன்னால் படிச்சுக் காட்டச் சொன்னது. "என் இளைய மகனுக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை. அவன் திருமணம் செய்துகொள்ள எவ்விதத் தடையும் இல்லை என உறுதி கூறுகிறேன்" என்று படித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தது.

"தடையில்லன்னு நான் எப்பிடிடா சொல்றது?"

வக்கீல் சிரித்தார். "அது சட்டப்படியான தடைம்மா. ஏற்கெனவே பொண்டாட்டி இருக்காளா, வயசு பத்தலையா, அந்த மாதிரி."

"அப்ப சட்டப்படின்னு எழுதுங்க சாமி." (சாமி என்று கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் வாயில் அதுதான் வருகிறது.)

வெளிநாட்டுக்குப் போகிற தாளில் வார்த்தையை மாற்றக் கூடாது என்றார் வக்கீல். அம்மா ரேகை வைத்தது. பொய்ச் சத்தியம் செய்துவிட்டதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பொய்தானா என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி ஜெர்மனியில் படித்து அங்கேயே வேலையில் சேர்ந்தவன். எந்த நகரம் என்பது வேண்டாம். அந்தப் பெண்ணும் அங்கேதான். எங்கள் தாலுகாக்காரி, ஊர்த்தெருவில் பிறந்தவள். நாங்கள் காலனி. இதற்கு மேல் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அங்கே கல்யாணம் என்றால் பதிவு அலுவலகத்தில்தான். வெளிநாட்டார் சொந்த நாட்டிலிருந்து மணத்தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும். இந்திய அரசு அப்படியொன்று கொடுப்பதில்லை. ஆகவே மாநில மேல் நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும். அதற்குத்தான் பிறப்புச் சான்றும் பெற்றோர் உறுதிமொழியும். தம்பிக்கு அம்மா ரேகை வைத்தது. அவளுக்கு யார் வைப்பார்கள்? பிறப்புச் சான்றே அவள் அப்பா பீரோவில் கிடக்கிறது.

அதைக்கூட எப்படியாவது சமாளித்திருக்கலாம். ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருந்தாலும், ஜெர்மனி ஆட்சேபித்ததால் நம் அப்போஸ்டில் முத்திரை அங்கே எடுபடவில்லை. தூதரகம் வழியாக ஆள் வந்து சரிபார்ப்பார். பதிவேட்டைப் பார்ப்பதோடு அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் உண்டு. அதாவது ஒருத்தர் ஊர்த்தெருவில் பைக்கை நிறுத்தி, "இந்த வீட்டுப் பொண்ணு ஜெர்மனியில கட்டிக்கப் போகுதாமே, முன்னாடி கல்யாணம் ஏதும் ஆயிருக்கா?" என்று கேட்பார். அவருக்கு அது வேலை. எங்கள் காலனியில் பாதி வீடு கூரை வீடு.

நம் சட்டம் மட்டும் என்ன? 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்திலேயே கட்டிக்கொள்ளலாம் என்கிறது 1969ஆம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டம். அந்த அறிவிப்பையும் இந்தியாவில் வெளியிட வேண்டும், முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். எத்தனை ஆயிரம் மைல் போனாலும் அந்தத் தாள் திரும்பி ஊர்த்தெருவுக்கே நடந்து வருகிறது.

இந்தச் சட்டங்களில் எது தடை என்று அட்டவணையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் எல்லாம் தடைசெய்யப்பட்ட உறவு, வழக்கம் இருந்தால் மட்டும் விலக்கு. ஊரே கூடிச் செய்துவைக்கிற கல்யாணத்துக்குத் தடை. தம்பி கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை! எழுதாமல் விட்டதாலேயே சாதி இல்லாமல் போய்விட்டதாக அரசு நினைத்துக்கொள்கிறது. அப்படியானால் அந்த உறுதிமொழியை எங்கம்மா ஏன் கொடுக்க வேண்டும்? தடையில்லை என்று எங்களுக்கு ரேகை வைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் கலெக்டரும் எஸ்.பி.யும் அல்லவா?

கடைசியில் இருவரும் டென்மார்க் போனார்கள். ஜெர்மனியில் இருக்கிற வெளிநாட்டார் பலரும் செய்வதுதான். 2019 முதல் அங்கே ஒரே மைய அலுவலகம் காகிதங்களைப் பார்த்துச் சான்று தருகிறது. நாலு மாதத்துக்குள் ஏதாவது ஒரு நகராட்சியில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பொய்க் கல்யாணம் இல்லை என்று காட்ட உறவுக்கு ஆதாரம் கேட்டார்கள், சேர்ந்து எடுத்த படங்கள் மாதிரி. படமே இல்லை. நாலு வருஷமாக எடுத்ததையெல்லாம் உடனுக்குடன் அழித்திருக்கிறார்கள். ஒரு படம் வாட்ஸப்பில் ஊருக்கு வந்தால் போதுமே. காதலுக்குச் சாட்சி இல்லாமல் பார்த்துக்கொண்டவர்களிடம் போய்ச் சாட்சி கேட்டால்? நல்லவேளை, வாடகை ஒப்பந்தத்தில் ரெண்டு பேர் பெயரும் இருந்தது.

"ஊர் நடுவுல பறையடிச்சு, தலைவர்களைக் கூப்பிட்டுச் செய்யாம இதென்ன திருட்டுக் கல்யாணம்?" என்று தோழர் ஒருவர் கேட்டார். சுருக்கென்றது. கலப்பு மணமே சாதிக்கு மருந்து என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை மேடை மேடையாகப் பேசியவன் நான். ஏழெட்டு ஜோடிகளுக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்தியும் வைத்திருக்கிறேன். ஆனால் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, அவரும் கௌசல்யாவும் பகிரங்கமாகத்தானே வாழ்ந்தார்கள்? பகிரங்கம் வேண்டும் என்று கேட்கிற என் கழுத்தில் வெட்டு விழப்போவதில்லை. தம்பி உடம்பை என் கொள்கைக்கு மேடையாக்க எனக்கென்ன உரிமை? தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. "செங்கல் சூளையில வேலை செய்யிற பையன் எந்த டென்மார்க்குக்குப் போவான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சான்றிதழ் ஐந்து மொழிகளில் இருக்கிறது. சாதிக்குக் கட்டம் இல்லை. நகலை அம்மா வாங்கித் தடவிப் பார்த்தது.

"சாட்சி யாரு?"

"அந்த ஆபீசுல வேலை பாக்குற ரெண்டு பொம்பளைங்க."

"நம்ம யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அதை ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்து டிரங்குப் பெட்டியைப் பூட்டியது. காலனியில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. தம்பியும் ஊருக்கு வரவில்லை. இதை நானும் புனைபெயரில்தான் அனுப்புகிறேன்.