இடும்பனின் எடை வரம்பு

போன டிசம்பரில் கொடைக்கானலில் ஒரு வாடகை வீட்டில் நண்பர்கள் ஐந்து பேர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம். ஆடாதவர்களுக்காக: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். முடியுமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுவோம். அன்று கதையை நடத்தியது நான். எல்லோரும் 20ஆம் லெவல். அதற்கு மேல் லெவல் கிடையாது.

மலைச்சரிவில் பாறை ஒன்று உருண்டு வருகிறது, கீழே கிராமம். போர்வீரனாக ஆடியவன், "நான் தோள் கொடுத்து நிறுத்துறேன்" என்றான்.

"டேய், லாரி சைஸ் பாறைடா. மனுஷனால முடியாது."

பகடையை உருட்டக்கூட விடவில்லை. பத்து நிமிடம் முன்னால்தான் மந்திரவாதியாக ஆடிய தோழி வானத்திலிருந்து எரிகற்களை இறக்கி ஒரு படையையே அழித்திருந்தாள். அப்போது நான் பௌதிகம் பேசவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. வலிமை 20 உள்ள போர்வீரன் அதிகபட்சம் 600 பவுண்டு, அதாவது 272 கிலோ தூக்கலாம். 2021இல் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 267 கிலோவை நிஜமாகவே தலைக்கு மேல் தூக்கினார். டிராகனைக் கொல்கிற மாவீரனுக்கு அவரைவிட ஐந்து கிலோதான் கூடுதல்! மந்திரவாதிக்கோ 17ஆம் லெவலிலேயே எரிகல் மழை கிடைத்துவிடுகிறது. படித்தவனுக்கு இயற்கை விதி வளைகிறது, உடம்பை நம்பியவனுக்கு வளையவில்லை. இதற்கு 'யதார்த்தம்' என்று பேர் வேறு.

காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். மேகம் விலகினால் அங்கிருந்து பழனி தெரியும். பழனி மலைக்குப் பக்கத்திலேயே இடும்பன் மலை. அகத்தியர் கேட்டதற்காக இரண்டு மலைகளைக் காவடி கட்டித் தோளில் சுமந்து வந்தவன் இடும்பன். வேலை சொன்னவர் நம் மரபின் பெரிய அறிவாளி, ஆனால் அதிசயம் சுமந்தவனுக்குத்தான். கதை கேட்ட எந்தப் பாட்டியும் எத்தனை கிலோ என்று கேட்டதில்லை. அவனுக்கும் வரம்பு உண்டு. இளைப்பாற இறக்கிவைத்த மலையைத் திரும்பத் தூக்க முடியவில்லை. மேலே ஒரு சிறுவன் நிற்கிறான். சண்டையில் இடும்பன் சாகிறான், பிறகு உயிர் பெறுகிறான். அவனைத் தடுத்தது எடை இல்லை, அங்கே நின்ற முருகன்.

அவன் அசுரனாச்சே என்பீர்கள். இருக்கட்டும், 20ஆம் லெவலில் எவன் சாதாரண மனிதன்?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சாகக்கூடியவனிடம்தான் வீரம் இருக்கிறது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் நம் ஊர்களில் எத்தனை! மலையை நிறுத்துகிறவனிடம் அந்த நெருக்கம் வராதுதான். இந்த வாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது மூன்றாம் லெவல் கதை. அந்த ஆளையே இரண்டு வருடம் ஆடி 20க்குக் கொண்டுவந்த பிறகும் 'நீ மனுஷன்தான்' என்று சொல்வதென்றால், அதை மந்திரவாதியிடமும் சொல்ல வேண்டும். எனக்கு அவளிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்பதுதான் உறுத்துகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதிச் சம்பாதிக்கிறவன். மூளைக்கு எல்லை இல்லை என்று நம்புவது எனக்கு வசதி. போர்வீரனாக ஆடிய நண்பனின் அப்பா ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கியவர். 'மனுஷனால முடியாது' என்று சொன்னபோது அது என் நினைவில் இல்லை. அவன் நினைவில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

மலை இறங்கும்போது காரில், "அந்தப் பாறை இன்னும் உருண்டுகிட்டேதான் இருக்கு, என்ன பண்றே?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பகடை எந்தப் பையில இருக்கு?" என்றான்.