ஒளித்து வைத்த பெயர்

விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டால் அன்றைக்கு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் உண்டு. பபூன் வந்து ஆரம்பித்தால் விடியுமட்டும் நடக்கும். எங்க தெரு ஆளுக கூட்டத்துக்குக் கடைசியில் கரிசல் மண்ணில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தே பாட்டுப் படித்த எங்கத்தை ஒருத்தி, அய்யாவுக்குச் சித்தப்பா மகள், நாடகக்காரர்களோடு மதுரைக்குப் போய்விட்டாள். பெயரையும் மாற்றிக்கொண்டாள்.

பத்து வருசம் கழித்துப் பக்கத்து ஊர் மேடையில் வள்ளியாக வந்து நின்றாளாம். அய்யா மேடைக்குப் பின்னால் போய், "தாயி, நாந்தான்" என்றிருக்கிறார். "நீங்க யாருன்னு தெரியலையே" என்றுவிட்டாள். சாகிறவரை அதைச் சொல்லிக் குமைந்தார் அய்யா.

இயக்கத்துக்கு வந்த புதிதில் நானும் அத்தையைத் துரோகி என்றுதான் நினைத்தேன். சாதியை ஒளிப்பது சாதியை ஒத்துக்கொள்வதுதான் என்று கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். பி.கே. ரோசியைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பேச்சு வாயில் வரமாட்டேன் என்கிறது.

ரோசி திருவனந்தபுரத்துப் புலையர் பெண். 1903இல் பிறந்தவர். புல்லறுத்துப் பிழைத்த குடும்பம். காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தவரை, அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த நம்ம ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னில் நடிக்க வைத்தார். வேடம், நாயர் பெண். படம் வந்தது 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். புலையச்சி நாயர் பெண்ணாக நடிக்கவா என்று திரையில் கல்லெறிந்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்தவர், லாரி ஓட்டியவரையே கட்டிக்கொண்டு, ராஜம்மாளாக, மேல்சாதி வீட்டுப் பெண்ணாக வாழ்ந்து 1988இல் இறந்தார். தான் நடித்த படத்தை அவர் பார்க்கவே இல்லை. அதன் பிரதியும் இன்று இல்லை.

அதே காலத்தில் நாடகமேடையிலிருந்து வந்தவர்தான் திருவையாற்று டி.பி. ராஜலட்சுமி. 1931இல் 'காளிதாஸ்' கதாநாயகி. தான் எழுதிய நாவலையே 1936இல் 'மிஸ் கமலா' என்று படமாக்கி இயக்கினார். பால்ய விவாகம், ஊர்ப்பேச்சு என்று அவரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் பட்டதைக் கதையாக்கிக் கீழே தன் பெயரைப் போட முடிந்தது. ரோசி உயிரோடிருக்க, பெயரை அல்லவா விட வேண்டியிருந்தது!

இப்போது ரோசி பெயரில் திரைப்படச் சங்கம் இருக்கிறது, விழா நடக்கிறது. 2023இல் கூகுள் அவர் படம் போட்டது. நாம்தான் மீட்டோம் என்று மார்தட்டுகிறோம். அவர் ஒளித்ததை வெளியே சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று ஒரு தோழி கேட்டாள். சொல்லாமல் விட்டால் முதல் கதாநாயகியே நம்மாளு இல்லை என்றாகிவிடுமே என்றேன். அதுவும் நிஜந்தான். ஆனால் குடிசைக்குத் தீ வைத்தவன் பெயரை யாரும் தேடவில்லை. ஓடியவளைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்?

எனக்கு இப்படித் தோன்றுகிறது. ரோசி என்ற பெயரை ஊரே கூடி அடித்துப் பிடுங்கியது. பிடுங்கினதைத் திருப்பிக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ராஜம்மாள் வாழ்ந்தது அவரே கட்டிக்கொண்ட வாழ்க்கை. அந்த வீட்டுக் கதவைத் தட்ட நாம் யார்?

அம்மா இதை எப்பவோ சொல்லிவிட்டாள். "அன்னைக்கு அவ ஆமா அண்ணேன்னு சொல்லியிருந்தா, வேசத்தோட இறக்கி விட்டுருப்பானுக. ஒங்கய்யாவுக்குப் புரியல."

போன வருசம் அத்தையைத் தேடிப் பார்த்தேன். பல்லெல்லாம் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்க நடிச்சதைப் பத்தி எழுதட்டுமா என்றேன். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறானா என்று வாசலைப் பார்த்துவிட்டு, "எழுது. ஊரைப் போடு, நாடகத்தைப் போடு. பேரை மட்டும் போட்டுறாதய்யா" என்றாள்.

போடவில்லை, அத்தை.