கேட்பதும் ஒட்டுக்கேட்பதும்

2023 மார்ச்சில், வடநாட்டுத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பலர் அஞ்சினர். காவல்துறையினர் சமூக வலைத்தளங்களை ஆராய்ந்து, பரப்பியோர்மீது வழக்குத் தொடுத்தனர். இது தகுமா? தகும். சந்தியில் கூவியதைக் கேட்பது ஒட்டுக்கேட்பதாகாது. ஆனால் குற்றமற்ற ஒருவன் சந்தியில் பேசியதையெல்லாம் நாள்தோறும் குறித்துவைத்தால், அது அவனைப் பின்தொடர்வதே அல்லவா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆகையால் நல்ல நோக்கம் மட்டும் போதாது, அளவும் வேண்டும்: ஆபத்துள்ளபோது, அதைத் தடுக்கும் மட்டுக்குமே கவனிக்கலாம். நாமோ, விசாரித்தறியாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருப்போமாக. பொய் குறைந்தால், காவற்கண்ணுக்கும் வேலை குறையும்.