ஒரு கிராமத்துக்குக் குறித்த ஆண்டு

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், மௌதாக் ஆறு கார்டிகன் விரிகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்புறத்தில் பெயார்போர்ன் என்றொரு கிராமம் உண்டு. ஏறக்குறைய 700 பேர் வாழும் ஊர். பின்னால் மலை. முன்னால் கூழாங்கல் திட்டு, அதற்கப்பால் கடல். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜேர்மனியரின் தாங்கிகள் கரையேறிவிடக் கூடாதென்று நட்ட கொங்கிறீற்றுக் கட்டைகள் பல்வரிசை போல இன்னும் கரையோரத்தில் நிற்கின்றன. அந்த எதிரி வரவேயில்லை.

இப்போது எதிரி கடல்தான். ஊரின் பெரும்பகுதி, உயர் பெருக்கின்போது கடல் எட்டும் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கடல் ஒருபுறம், ஆறு மறுபுறம், மலையிலிருந்து இறங்கும் மழைநீர் இன்னொருபுறம். 2013 இல் குவினெத் சபை ஏற்றுக்கொண்ட கரையோர முகாமைத்துவத் திட்டம், இக்கிராமத்தை என்றென்றைக்கும் காத்து நிற்க முடியாது என்று முடிவு கட்டியது. 2014 இல் அது நாடறிந்த செய்தியாயிற்று. பின்னர் 2054 என்ற ஆண்டும் குறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அணைகளைப் பராமரிப்பதில்லை, ஊரைக் கலைத்துவிடுவது.

இவ்விடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. நாளை வரப்போகும் தீங்கை இன்று சொல்வது நேர்மை. ஆனால் அந்தச் சொல்லே இன்று ஒரு தீங்கைச் செய்துவிடுமானால்? பெயார்போர்னில் நடந்தது அதுவே. கடல் ஓர் அங்குலமும் உள்ளே வருமுன்னரே வீடுகளின் விலை விழுந்தது. வங்கிகள் அவ்வூர் வீடுகளுக்குக் கடன் தர மறுத்தன. முழுத்தொகையையும் கையிலே வைத்திருப்பவன் மட்டுமே வாங்கலாம் என்றானால் விற்பவனின் கதி என்ன? அங்கே குடியிருப்போரில் பலர் இங்கிலாந்தின் மத்திய நகரங்களில் உழைத்துக் களைத்து, ஓய்வுக்காலத்தைக் கடலருகே கழிக்க வந்த முதியவர்கள். அவர்களது ஆயுட்கால உழைப்பெல்லாம் அந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தது. கடற்கரை அரிப்பால் வீடிழப்பவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டுமென்ற சட்டம் பிரித்தானியாவில் இல்லை.

அப்படியானால் சபை மௌனமாக இருந்திருக்க வேண்டுமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். தெரிந்ததை மறைத்து, 2050 இல் ஒருவன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருப்பது இதைவிடக் கொடுமை. சொன்னது சரி. சொன்னதன் விலை முழுவதையும் கேட்டவர்களின் தலையில் மாத்திரம் கட்டியதே பிழை என்று எனக்குப்படுகிறது. கடல் மட்டம் உயர்வதற்குக் காரணமான புகையைக் கக்கியது அந்த 700 பேர் மாத்திரமா?

'சதுப்பு நிலமென்று தெரிந்துதானே போனார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மா வியாபாரத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஆதர் மக்டூகல் என்பவர், விடுமுறைக்கு வருவோரை எண்ணியே அந்தத் தாழ்நிலத்தில் ஊரைக் கட்டினார். கட்டடப் பொருட்களை ஏற்றிச் செல்ல 1895 இல் குதிரை இழுக்கும் சிறு இருப்புப்பாதையொன்றும் போடப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறி மகிழும் குட்டிப் புகையிரதம் அதன் வாரிசு. ஆனால் கட்டியவர் போய்விட்டார், காசும் போய்விட்டது. பின்வந்தவர்கள் வாங்கியது சதுப்பு நிலத்தை அல்ல. அரசு வரி வாங்கி, அணை கட்டி, வருடாவருடம் செப்பனிட்டு வந்த ஓர் ஊரை. அந்த அணை எழுத்தில் இல்லாத ஒரு வாக்குறுதி. எங்கள் சொல்லில் சொன்னால், ஓர் அமானிதம். அமானிதத்தைத் திருப்பித் தர முடியாத நிலை வரலாம். அப்போதும் கணக்குத் தீர்க்க வேண்டிய கடமை நீங்காது.

இதே விரிகுடாவைப் பற்றி வேல்ஸ் மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. காந்த்ர் குவைலோத் என்ற வளமான நாடு கடலுக்குள் மூழ்கியதாம். செய்தெனின் என்ற காவலன் குடிபோதையில் மதகுக் கதவை மூட மறந்துபோனானாம். பெயார்போர்னுக்குத் தெற்கே போர்த் கடற்கரையில் வற்று நேரத்தில் 4,500 வருடங்களுக்கு மேற்பட்ட மரக்குற்றிகள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். கதை அவற்றிலிருந்து பிறந்திருக்கலாம். கதைக்கு ஒரு குடிகாரன் கிடைத்துவிட்டான். பழியைச் சுமக்க ஒரு முதுகு இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாக உறங்கலாம் அல்லவா?

பெயார்போர்னில் எவரும் கதவை மூட மறக்கவில்லை. அங்குள்ள காவலர்கள் விழித்தேயிருந்தார்கள், அளந்தார்கள், வரைபடம் வரைந்தார்கள், பகிரங்கமாகச் சொன்னார்கள். 2014 இல் அவ்வூரில் பிறந்த குழந்தைக்கு 2054 இல் நாற்பது வயதாகும். அந்தப் பிள்ளை எங்கே போய்க் குடியிருப்பது என்பதை மட்டும் அந்த வரைபடங்கள் சொல்லவில்லை.